மலைப்பயணத்தில் தஹாரத்: களைக்கொத்தியும் தண்ணீர் பாட்டிலும் போதாதா?

 

விடுமுறை வந்தால் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மலையேறும் வழக்கம் நம் மஹல்லாக்களிலும் பெருகி வருகிறது. உத்தராகண்ட், இமாசலப் பிரதேச மலைகளுக்கு ஐந்து நாள், ஆறு நாள் பயணமாக நம் பிள்ளைகள் புறப்படுகின்றனர். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் கோடையில் கூடாரத்துடன் சியரா நெவாடா மலைகளுக்குச் செல்கின்றன. அல்லாஹ்வின் படைப்பைக் கண்ணாரக் காண்பது நற்காரியம். அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும் புறப்படும் முன் ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்து, ஒருவராலும் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. கழிப்பறையே இல்லாத அந்த வனாந்தரத்தில் மலஜலம் கழிப்பது எங்கே, எப்படி?

நாம் வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பதால், இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு கடைக்காரரின் கைக்குப் போய்விட்டது. குழி தோண்ட டைட்டானியக் கரண்டி, துடைக்க வாசனை ஈரத்தாள், மின்கலத்தில் இயங்கும் கையடக்க நீர்ப்பீச்சி, மடக்கும் இருக்கை, அதைச் சுற்றி நிறுத்தத் தனிக் கூடாரம் எனப் பட்டியல் நீள்கிறது. அத்தனையையும் வாங்கினால் பயணச் செலவுக்கு ஈடாக இன்னொரு செலவு வந்து நிற்கும். வாங்க இயலாதவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: ஒன்றும் எடுத்துச் செல்லாமல் ஓடையருகே கழித்துவிட்டு எழுந்து வருகிறார், அல்லது, உடையும் உடலும் சுத்தமில்லை என்று சொல்லி ஊர் திரும்பும் வரை தொழுகையை விட்டுவிடுகிறார்.

இந்த மூன்று போக்குகளையும் நாம் மறுக்கிறோம். வாங்கிக் குவிப்பது வீண்விரயம். வெறுங்கையுடன் போய் நீரைக் கெடுப்பது பிறருக்கு இழைக்கும் அநியாயம். தொழுகையை விடுவது மூன்றிலும் பெரிய இழப்பு. மூன்றையும் தவிர்க்க இருநூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும் பொருள்களே போதும் என்பதே நம் வாதம்.

இரண்டு கருவிகள்

நபி (ஸல்) அவர்கள் இயற்கைத் தேவைக்காக வெளியே செல்லும்போது தாமும் இன்னொரு சிறுவரும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இரும்பு முனை கொண்ட ஒரு கைத்தடியையும் எடுத்துச் சென்றதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ‘அனஸா’ எனப்படும் அத்தடி தொழும்போது தடுப்பாக நட்டுவைக்கப் பயன்பட்டது. கெட்டியான நிலத்தைக் கிளறி இளக்கவும் அது உதவியிருக்கும் என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுகின்றனர். நிலத்தைக் கிளற ஒன்று, கழுவுவதற்கு ஒன்று. இன்றைய மலைப்பயணிக்கும் தேவைப்படுபவை இவ்விரண்டு வகைக் கருவிகளே.

முதலாவது, தோண்டும் கருவி. நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் சிறிய களைக்கொத்தியோ, நர்சரிகளில் தொட்டி மண்ணைக் கிளறப் பயன்படும் இரும்புக் கரண்டியோ நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கலாம். மரக்கைப்பிடி நீளமாக இருந்தால் அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம். மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி மட்டும் வேண்டாம். வேரும் கல்லும் நிறைந்த மலைமண்ணில் முதல் நாளே ஒடிந்துபோகும்.

‘விலை குறைந்த கருவி கனமாக இருக்குமே’ என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் இருபது டாலருக்கு மேல் விற்கும் அலுமினியக் கரண்டி ஒன்று 17 கிராம்தான் எடை கொண்டது. ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளமுள்ள பசிபிக் முகட்டுப் பாதையை மாதக்கணக்கில் நடந்து கடப்பவர் ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அவர் அதை வாங்கட்டும். மூன்று நாள் நடைக்குப் போகும் நமக்கு நூறு, நூற்றைம்பது கிராம் கூடுதல் என்பது ஒரு கைப்பிடி பேரீச்சம்பழத்தின் எடை. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு என்ன நியாயம்? வீண்செலவாளிகளைக் குர்ஆன் (17:27) எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை மக்தபில் ஓதும் நம் பிள்ளைகளும் அறிவர். அந்த எச்சரிக்கை கல்யாண விருந்துக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது, தண்ணீர் பாட்டில். குடித்துமுடித்த ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் சூடேற்றிய ஊசியால் மூன்று நான்கு துளைகள் இட்டால் போதும். தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் நீர் பீச்சிவரும். அரை லிட்டருக்கும் குறைவான நீரில் இஸ்தின்ஜா நிறைவாக முடியும். துளையிட்ட மூடிக்கு அடையாளமிட்டு, அந்தப் பாட்டிலைக் குடிநீருக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மின்கலமும் வேண்டாம், பழுதுபார்ப்பவரும் வேண்டாம்.

‘மலையில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது’ என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் செய்தி உண்டு. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லிட்டருக்கும் குறைவானது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டபடி உளூச் செய்து பழகிய நமக்குத்தான் அது குறைவாகத் தோன்றுகிறது. நீர் அறவே கிடைக்காத இடத்தில் கல்லால் சுத்தம் செய்துகொள்வதும், தயம்மும் செய்து தொழுவதும் மார்க்கம் தந்த சலுகைகள். குறைந்தது மூன்று கற்கள் வேண்டும் என்றும், எலும்பும் சாணமும் கூடாது என்றும் ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) வழியாக நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே உள்ள நுணுக்கங்களைப் புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மலையில் சுத்தமாக இருக்க வழியில்லை என்று கூறித் தொழுகையை விடுவதற்கு இடமே இல்லை.

எங்கே, எவ்வளவு ஆழம்?

கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் முறை தெரிய வேண்டும். மலையேற்றப் பயிற்சி அளிப்போர் இன்று பரவலாகக் கற்பிக்கும் விதி இது: நீர்நிலை, நடைபாதை, கூடாரமிட்ட இடம் ஆகிய மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். பெரியவர் நடையில் எழுபது, எண்பது எட்டுகள். அங்கே 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் மிகுதி. அதற்கும் கீழே போனால் மட்குவது மந்தமாகும், மேலாகப் புதைத்தால் விலங்குகள் கிளறிவிடும். கழுவும் நீரும் அந்தக் குழியிலேயே விழ வேண்டும். பின்னர் தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே சருகுகளைப் பரப்பிவிட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தேவையை நிறைவேற்றச் செல்லும்போது எவர் கண்ணிலும் படாத தொலைவுக்குச் செல்வார்கள் என்ற ஹதீஸை நாம் அறிவோம். நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்ற ஹதீஸையும் அறிவோம். அபூதாவூதில் உள்ள அம்மூன்று இடங்களையும், மேலே கூறிய 200 அடி விதியின் மூன்று இடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பயணி இளைப்பாறும் நிழல்தானே இன்றைய கூடாரத் தளம்? பொந்துகளில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்றும் கற்பிக்கப்பட்டுள்ளோம். ஆகவே ஏற்கெனவே இருக்கும் வளையைத் தேடாமல் நம் குழியை நாமே தோண்ட வேண்டும். திறந்தவெளியில் கிப்லாவை முன்னோக்கியும் பின்னோக்கியும் அமரலாகாது என்பதால், கைப்பேசியில் உள்ள திசைகாட்டியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஒற்றுமையைக் கண்டவுடன் நம்மில் பலர் செய்வது என்ன? ‘பார்த்தீர்களா, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்லாம் சொல்லிவிட்டது’ என்று எழுதிக் குழுக்களில் பகிர்கிறார்கள். பகிர்ந்த கையோடு ஓடைக் கரையில் அமர்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் நம்மிடம் முதலில் வந்தது என்பது பெருமைக்கான காரணமாக இருப்பதைவிட, நாளை மறுமையில் நமக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்று அஞ்சுவதற்கான காரணமாகவே நாம் பார்க்கிறோம். இந்த விதியை மார்க்கமாக அறியாத ஒருவர் எண்பது எட்டு நடந்து குழி தோண்டுகிறார். மார்க்கமாக அறிந்த நாம் சோம்பலால் எட்டாவது எட்டிலேயே நின்றுவிட்டால் யார் மீது ஹுஜ்ஜத் நிற்கும்?

‘காடுதானே, மட்கிப் போகும்!’

யானையும் மானும் காட்டில்தானே கழிக்கின்றன, மனிதன் கழித்தால் என்ன என்று கேட்போர் உண்டு. மனிதக் கழிவில் மனிதனைத் தாக்கும் கிருமிகள் இருக்கின்றன என்பது முதல் பதில். அவை விரைவில் சாவதில்லை என்பது அடுத்த பதில். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிரிட்ஜர் மலைத்தொடரில் ஆய்வாளர்கள் கழிவைப் புதைத்துச் சோதித்தார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் கடந்த பின்னும் நோய்க்கிருமிகள் அதில் உயிருடன் இருந்தன. ஒழுங்காகப் புதைத்ததன் நிலையே இது என்றால், ஓடையோரம் திறந்து கிடப்பதன் நிலையைச் சொல்ல வேண்டுமா?

மலைநீர் மலையிலேயே தங்குவதில்லை. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி நெல்லைச் சீமைக்கு இறங்கி வருகிறது. வழியெங்கும் மக்கள் அதில் குளிக்கின்றனர், உளூச் செய்கின்றனர், அதைக் குடிக்கின்றனர். இமயத்து ஓடைகள் மலைக் கிராமத்துத் தாய்மார்களின் குடங்களுக்குப் போகின்றன. அம்மக்களை நாம் சந்திக்கப் போவதில்லை. நம் முகம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவருக்கு இழைக்கும் தீங்குக்கு இவ்வுலகில் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈரத்தாள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவற்றில் பல பிளாஸ்டிக் இழை கலந்தவை; புதைத்தாலும் மட்குவதில்லை. குழந்தைகளின் டயப்பர், பெண்களின் நாப்கின் ஆகியவையும் அப்படியே. இவற்றைப் புதைக்கவே கூடாது; பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். கழிப்பறைத் தாளை எரித்துவிடுவதே சுத்தம் என்று நம்புவோருக்கு ஒரு செய்தி: 2022 ஜூன் மாதம் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கருகே ஒருவர் கழிப்பறைத் தாளைக் கொளுத்தினார். அது ‘பைப்லைன் தீ’ என்று பெயர் பெற்ற காட்டுத் தீயாக மூண்டு 26,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. நீரால் கழுவிப் பழகிய சமுதாயம் நாம். நமக்கு அந்தத் தாளும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். நம் வீட்டுப் பழக்கமே மலையில் செலவு குறைந்த, ஆபத்து குறைந்த வழியாக இருக்கும்போது, அதை விட்டுவிட்டு விலை கொடுத்து வேறொன்றை வாங்குவது ஏன்?

குழி தோண்ட இயலாத இடங்களில்

எல்லா இடத்திலும் குழி தீர்வாகாது. பாறையும் பனியும் நிறைந்த உயரங்களில் தோண்டவும் முடியாது. குளிரில் எதுவும் எளிதில் மட்காது. அமெரிக்காவின் விட்னி சிகரத்துக்கு ஏறுவோர் தம் கழிவைப் பையில் கட்டித் தாமே கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி. 2024-ஆம் ஆண்டு நேபாளத்தில் எவரெஸ்ட் பகுதியை நிர்வகிக்கும் ஊராட்சியும் மலையேறிகளுக்கு இதே கட்டளையை இட்டது. உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ‘புக்யால்’ எனப்படும் மலைப்புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடைசெய்தது. பயணிகள் ஒழுங்கு தவறினால் வாசலே அடைபடும் என்பதற்கு அதுவே சான்று.

நம் மாநிலத்திலும் 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்துத் திறந்தது. அங்கே செல்லும் குடும்பங்கள் உடன் வரும் வழிகாட்டியின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும். தோண்டக் கூடாது என்றால் தோண்டக் கூடாது. பையில் எடுத்து வர வேண்டும்.

இதற்கெனத் தயாரித்த பைகள் விலைக்குக் கிடைக்கின்றன. விதி அவற்றையே கேட்கும் இடத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும், அது விரயமாகாது. விதி கேட்காத இடத்தில், வாய் இறுக மூடும் இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் பைகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்துப் பயன்படுத்தலாம். உலர்த்திய பழைய தேயிலைத்தூளை உள்ளே போட்டால் வாடை மட்டுப்படும். வெளியே கறுப்புப் பை ஒன்றைச் சுற்றிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ஒன்றை மறக்கலாகாது: நஜீஸைச் சுமந்தபடி தொழுதல் கூடாது. அந்தப் பையை முதுகுப்பையின் வெளிப்புறத்தில் கட்டிவைத்து, தொழும்போது முதுகுப்பையை இறக்கி அப்பால் வைத்துவிட வேண்டும்.

கைகழுவச் சோப்பு அவசியம். சானிடைசர் இருக்கிறதே என்று சோப்பை விட்டுவிடுவோர் உண்டு. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸை அது சரியாக அழிப்பதில்லை. சோப்பும் நீருமே நம்பத்தக்கவை. அந்தச் சோப்பையும் ஓடைக்குள் நின்று தேய்க்காமல், நீரை மொண்டு வந்து விலகி நின்று பயன்படுத்த வேண்டும்.

பெண்மக்களின் உரிமை

இவ்வளவையும் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘அங்கே பாத்ரூம் இல்லை, நீ எப்படிம்மா வருவாய்?’ என்ற ஒரே கேள்வியால் எத்தனை பெண்பிள்ளைகள் வீட்டிலேயே நிறுத்தப்படுகிறார்கள்! உடன் சென்றாலும் கூச்சத்தால் நாள் முழுதும் நீர் அருந்தாமல் அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் அதுவே வழி. உயரம் ஏற ஏற உடலுக்கு நீர் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் இது விளையாட்டான விஷயமன்று.

இதற்குத் தீர்வு ஆயிரக்கணக்கில் விற்கும் தனிக் கூடாரமா? வீட்டில் இருக்கும் பழைய கைலி ஒன்றை இரு மரங்களுக்கிடையே கயிற்றில் கட்டினால் திரை ஆகிவிடும். தாயோ தமக்கையோ துப்பட்டியை விரித்துப் பிடித்தால் மறைப்பு ஆகிவிடும். குடும்பத் தலைவர் முதல் நாளே பிள்ளைகளை அழைத்து, இதுதான் கொத்தி, இதுதான் பாட்டில், இத்தனை எட்டு போக வேண்டும், போகும்போது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கூச்சமின்றிச் சொல்லித் தர வேண்டும். கழிப்பறை ஒழுக்கத்தைக்கூட உங்கள் நபி கற்றுத் தந்தாரா என்று ஒருவர் கேட்டபோது, ஆம் என்று தயங்காமல் விடை சொன்னவர் ஸல்மான் (ரலி). அவர்கள் வெட்கப்படாத விஷயத்தில் நாம் வெட்கப்பட்டு மௌனம் காத்தால், அந்த மௌனத்தின் விலையை நம் வீட்டுப் பெண்களே செலுத்துகிறார்கள்.

ஆகவே கணக்கைப் பாருங்கள். களைக்கொத்தி அல்லது இரும்புக் கரண்டி ஒன்று, துளையிட்ட பழைய பாட்டில் ஒன்று, சிறிய சோப்பு ஒன்று, மூடிவைக்கும் பைகள் சில, பழைய கைலி ஒன்று. விலைக்கு வாங்க வேண்டியவை மூன்றுதான். நிலத்தைக் கெடுக்காமல், நீரைக் கெடுக்காமல், ஒரு வக்துத் தொழுகையும் தவறாமல் ஊர் திரும்ப இவை போதும். மிச்சமாகும் பணத்தில், உங்கள் மூட்டையையும் சேர்த்துச் சுமந்து மலையேறும் அந்தச் சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கூடுதலாக ஏதேனும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தூய்மையை ஈமானின் பாதியாக்கித் தந்த அல்லாஹ், வீட்டிலும் வெளியிலும், ஊரிலும் மலையிலும் அதைப் பேணி நடக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.